கதவைத் திறந்தால் குளிர் போய்விடும்

எங்கள் ஊர் புக்கிட் பெலிம்பிங்கில் யாரிடமாவது கோகிலன் வீடு எது என்று கேட்டுப் பாருங்கள். "எந்தக் கோகிலன், வயர்மேனா?" என்று திருப்பிக் கேட்பார்கள். ஆமாம் என்றால், "அந்த வரிசையில இருட்டா ஒரு வீடு இருக்கும், அதுதான்" என்று கை காட்டுவார்கள். ஊருக்கெல்லாம் விளக்கு மாட்டுகிறவன் வீட்டுக்கு இப்படி ஓர் அடையாளம். கோபப்பட்டு என்ன செய்ய, உள்ளதைத்தானே சொல்கிறார்கள்.

எனக்கு ஐம்பத்து நான்கு வயது. முப்பது வருடமாக வயரிங் வேலை. அதில் கடைசி எட்டு வருடத்தை வேலை என்று சொல்வதைவிட நோய் என்று சொல்லலாம். கோலசிலாங்கூரில் தொடங்கி பத்தாங் பெர்ஜுந்தாய் வரைக்கும் இருக்கிற கடைகளில் பழைய டியூப் லைட்டுகளைக் கழற்றிவிட்டு எல்.இ.டி. மாட்டி, கரண்ட் பில்லைக் குறைத்துத் தருகிறேன். கடைக்குள் நுழைந்ததும் முதலாளி "வாங்கண்ணே" என்று சொல்வதற்குள் அண்ணாந்து பார்த்து எண்ணி முடித்திருப்பேன். "இருபத்து நாலு லைட்டு. மாத்தினா பில் பாதி" என்பேன். மனிதர்களின் முகத்தைப் பார்த்துப் பேசிப் பல காலம் ஆகிறது. பத்தாங் பெர்ஜுந்தாயில் முடிவெட்டுகிற ஒருவர், என் கழுத்தைப் பார்த்தால்தான் என்னை அடையாளம் தெரியும் என்பார்.

ஒருமுறை கம்போங் குவாந்தானுக்கு மின்மினி பார்க்க மனைவி லெட்சுமியைக் கூட்டிப் போனேன். படகில் உட்கார்ந்து, ஆற்றோரத்து மரமெல்லாம் மினுக்கியதைப் பார்த்து அவள், "எவ்வளவு அழகு, பாத்தீங்களா" என்றாள். நான், "சூடே இல்லாம வெளிச்சம் தருது. செலவு பூஜ்யம்" என்றேன். படகு கரைக்கு வரும்வரை அவள் எனக்கு முதுகைக் காட்டி மரங்களையே பார்த்துக்கொண்டு வந்தாள். இன்னொரு முறை ஒரு சாவு வீட்டில், பந்தலில் எரிந்த ஹாலஜனைக் காட்டி "இது ஐந்நூறு வாட்டு, வீண்" என்று செத்தவருடைய மகனிடமே சொல்லிவிட்டேன். அந்தப் பையன் அழுகையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான். அன்றைக்கு எனக்கு யாரும் காப்பி கொடுக்கவில்லை.

நான் பிறந்தது எஸ்டேட் லயத்து வரிசை வீட்டில். அங்கே கரண்ட் எஞ்சினில் வரும், ராத்திரி பத்து மணிக்கு எங்கள் கங்காணி, மண்டோர், ஆளை அனுப்பி எஞ்சினை நிறுத்திவிடுவார். இப்போது எஞ்சினும் இல்லை, மண்டோரும் இல்லை. அந்த உத்தியோகத்தை என் வீட்டில் நானாகவே எடுத்துக்கொண்டேன். சாப்பிட்டுக் கை கழுவப் போகிறவர்கள் திரும்பி வருவதற்குள் சாப்பாட்டு மேசை விளக்கை அணைத்திருப்பேன். என் மகன் லோகேஸ்வரன் பல நாள் மீன் முள்ளைத் தடவிப் பார்த்துத்தான் சாப்பிட்டிருக்கிறான்.

சரி, இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற விஷயம். சிரிக்க முடியாத ஒன்றைச் செய்தேன். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

லெட்சுமிக்குப் பகலில் பள்ளிக் கேண்டீனில் வேலை. பொழுது சாய்ந்து வீட்டுக்கு வந்து, சமையலை முடித்துவிட்டுத் தையல் மெஷினில் உட்காருவாள். ரவிக்கை தைப்பதில் அவளுக்கு நல்ல பெயர். துணி கைக்கு வந்ததும் நூல் பெட்டியைத் திறந்து, எண்பது நூல்கண்டுகளில் பொருத்தமானதைச் சட்டென்று எடுப்பாள். தைத்த இடத்தில் நூல் எங்கே ஓடுகிறது என்று நாம்தான் தேட வேண்டும். மெஷினுக்கு நேர்மேலே ஓர் அறுபது வாட் குண்டு பல்பு தொங்கிக்கொண்டிருந்தது. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கண்ணில் தூசி விழுந்த மாதிரி இருக்கும். ஊரையே மாற்றியவன் சொந்த வீட்டில் குண்டு பல்பு எரிகிறது என்றால் மானம் போகாதா? ஒரு ஞாயிற்றுக்கிழமை அதைக் கழற்றிவிட்டு ஐந்து வாட் எல்.இ.டி. மாட்டினேன். "அம்பத்தஞ்சு வாட்டு மிச்சம்!" என்று நானே கை தட்டிக்கொண்டேன். வீட்டில் வேறு யாரும் தட்டவில்லை.

நான் வாங்குவது யானைப் படம் போட்ட பெட்டி. விலை மலிவு. பெட்டியின் முன்பக்கத்தில் வாட் பெரிதாகப் போட்டிருக்கும். பக்கவாட்டில் பொடி எழுத்தில் இன்னும் என்னென்னவோ இருக்கும். அதை நான் படித்ததில்லை.

அடுத்த மாதமே லெட்சுமி ஓர் அரக்கு ரவிக்கைக்குக் காப்பி நிற நூல் போட்டுத் தைத்துவிட்டாள். அதற்கப்புறம் ஒரு பச்சைக்கு வேறொரு பச்சை. துணி கொடுத்தவர்கள் வீட்டுக்குப் போய்ப் பகலில் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொண்டு வந்தார்கள். இருபத்தைந்து வருடத்தில் நடக்காதது. அவள் பயந்துபோனாள்.

"என் கண்ணுக்கு என்னமோ ஆயிருச்சுங்க" என்றாள்.

"வயசாச்சுல்ல" என்றேன். அதைச் சொல்ல எனக்கு அரை நொடிகூட ஆகவில்லை.

கோலசிலாங்கூரில் கண்ணாடிக் கடைக்குக் கூட்டிப் போனேன். சோதித்துப் பார்த்தவர், கிட்டத்தில் படிக்க லேசாக ஒரு பவர் போதும், மற்றபடி ஒன்றுமில்லை என்றார். கண்ணாடி வந்தது, நூல்தான் பொருந்தவில்லை. ஆறு மாதத்தில் தையலை நிறுத்திவிட்டாள். மெஷினைப் பழைய போர்வையால் மூடினாள். நான் சும்மா இருப்பேனா? நல்ல மேசை கிடைத்தது என்று அதன்மேல் என் யானைப் பெட்டிகளை அடுக்கி வைத்தேன்.

அதிலிருந்து இரண்டு வருடம், எதற்கும் தன் கண்ணை அவள் நம்பவில்லை. தக்காளி பொறுக்கும்போதுகூட "இது பழுத்திருக்கா, பாத்துச் சொல்லுங்க" என்பாள். பெரிய மனது பண்ணிப் பார்த்துச் சொல்வேன். அந்தக் காய்கறிக் கடையிலும் என் லைட்டுதான் என்பது என் மரமண்டைக்கு உறைக்கவேயில்லை.

பத்தாங் பெர்ஜுந்தாயில் உஷாராணி என்று ஒரு தங்கச்சி சேலைக்கடை வைத்திருக்கிறது. ஊருக்குப் போர்டில் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாற்றி எவ்வளவோ காலமாயிற்று, நாங்கள் இன்னும் பழைய பெயரைத்தான் சொல்கிறோம். சுற்றியுள்ள எஸ்டேட் ஜனங்களுக்குக் கல்யாணம் காட்சி என்றால் அந்தக் கடைதான். கரண்ட் பில் கழுத்தை நெரிக்கிறது என்று என்னைக் கூப்பிட்டது. போய்ப் பார்த்தேன், நாற்பது டியூப் லைட்டு. அதைவிடக் கொடுமை வாசல் கதவு. பெண்கள் ஒரு சேலையைப் பிரித்ததும் அதைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடுகிறார்கள். வெயிலில் பிடித்துப் பார்க்கிறார்கள், தலையை ஆட்டுகிறார்கள், உள்ளே வருகிறார்கள். அடுத்த சேலை, மறுபடி வாசல். ஒவ்வொரு தடவையும் ஏர்கான் குளிரெல்லாம் தெருவுக்குப் போகிறது. எனக்கு ரத்தம் கொதித்தது.

நாற்பதையும் மாற்றினேன். கடைக் கண்ணாடியில் வெயில் நுழையாதபடி கறுப்புத் தாள் ஒட்டினேன். கதவு தானாக மூடிக்கொள்ள ஸ்பிரிங் வைத்தேன். போதாதென்று என் கையாலேயே ஓர் அட்டையில் எழுதிக் கதவில் ஒட்டினேன்: "கதவைத் திறந்தால் குளிர் போய்விடும். சேலையை உள்ளேயே பார்க்கவும்."

"பகல் வெளிச்ச லைட்டு தங்கச்சி இது. சூரியனையே உள்ள கொண்டாந்து குடுத்துட்டேன், இனி வாசல் எதுக்கு?" என்றேன். பில் பாதியாகக் குறைந்தது. தீபாவளிக்கு எனக்கு ஒரு வேட்டி கிடைத்தது. கொஞ்ச நாள் கழித்து உஷாராணி, "ரெண்டு மூணு பேரு வீட்டுக்குப் போனா கலரு வேறயா இருக்குன்னு திருப்பிக் கொண்டாந்தாங்கண்ணே" என்று இழுத்தது. "அவங்க வீட்டு லைட்டு சரியில்ல" என்று அடித்துச் சொன்னேன். அதில் ஒருத்தி வீட்டுக்கும் நான்தான் லைட்டு மாட்டியிருந்தேன்.

இப்படி இருக்கையில் லோகேஸ்வரன் ஒரு பெண்ணைப் பார்த்துவிட்டு வந்து நின்றான். அவனுக்கு ரவாங்கில் வேலை. பெண்ணுக்கும் அங்கேதான், பெயர் விஷாலினி, ஒரு பெயிண்ட் ஃபேக்டரியில் கலர் சரிபார்க்கிறது என்றான்.

"கலரப் பாக்கறதுக்கு ஒரு சம்பளமா?" என்று கேட்டேன். என் வாய் அப்படி.

நல்ல பெண், நல்ல குடும்பம். பரிசம் போட நாள் குறித்தார்கள். பரிசச் சேலை மாப்பிள்ளை வீட்டுப் பொறுப்பு. எங்கள் தட்டில் போகிற அந்தச் சேலையைத்தான் பெண் கட்டிக்கொண்டு சபைக்கு வரும். விஷாலினிக்குக் கருநீலம் பிடிக்கும் என்று லோகேஸ்வரன் சொன்னான். லெட்சுமிக்கு ஒரு வாரம் தூக்கமில்லை. "நான் போய் எப்படிங்க எடுப்பேன், என் கண்ணு லெச்சணத்துக்கு?" என்றாள். "நான் இருக்கேன்ல" என்றேன்.

உஷாராணி கடையில் பிரித்துப் போட்டதில் ஒன்று லெட்சுமிக்குப் பிடித்தது. கருத்த பட்டு, கையகலத்துக்குத் தங்கச் சரிகை. விரலால் தடவிக்கொண்டே இருந்தாள். பிறகு மெதுவாக, "இது கறுப்பு மாதிரி தெரியுதுங்க" என்றாள்.

"நீலம்தான் அண்ணி. போன வாரம் வந்த நீலப் பெட்டியில இருந்துதான் எடுத்தேன்" என்றது உஷாராணி.

"எதுக்கும் வாசல்ல ஒருதரம் புடிச்சுப் பாத்துர்றேன்" என்று சேலையோடு எழுந்தாள் லெட்சுமி. கதவில் கைகூட வைத்துவிட்டாள். நான் அங்கிருந்தே கத்தினேன்.

"கதவத் திறக்காத, குளிர் போயிரும்! நான் எழுதினத நீயே மதிக்கலன்னா ஊரு எப்படி மதிக்கும்? அது நீலம்லா. உனக்குத்தான் கண்ணு சரியில்லயே."

கடையில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். லெட்சுமி கதவிலிருந்து கையை எடுத்தாள். திரும்பி வந்து, "சரி தங்கச்சி, இதையே கட்டிக் குடு" என்றாள்.

வீட்டுக்கு வந்து லோகேஸ்வரனிடம் காட்டினோம். "நேவி புளூ, சூப்பர்லா!" என்றான். அவன் பார்த்ததும் என் லைட்டில்தான். தட்டு ஜோடித்ததும் என் லைட்டில்தான். மேலே சிவப்புத் தாள் சுற்றிக் கட்டியாயிற்று.

ரவாங்கில் பெண் வீட்டு வாசலில் பந்தல். பத்தரைக்கு மேல் பன்னிரண்டுக்குள் நல்ல நேரம். தட்டுகளை வாசலில் பாய் விரித்து வரிசையாக வைத்தோம். பெண்ணின் அம்மா குமுதா சேலைத் தட்டின் தாளைப் பிரித்து, சேலையை இரண்டு கையாலும் தூக்கி எல்லோருக்கும் காட்டினார். பந்தலுக்கு வெளியேயிருந்து வெயில் நேராக அதன்மேல் விழுந்தது.

கறுப்பு. சந்தேகமேயில்லாத, அடுப்புக்கரிக் கறுப்பு.

குமுதாவின் கைகள் அப்படியே நின்றன. பெண்ணின் பெரியப்பா உமாபதி நாற்காலியிலிருந்து எழுந்தார். ஓய்வு பெற்ற கிராணி, தோட்டத்து ஆபீஸில் கணக்குப்பிள்ளை. எஸ்டேட்டையே அதட்டிப் பழகிய குரல்.

"பரிசத்துக்குக் கறுப்புச் சேலையா? என்னா சம்பந்தி, நல்ல காரியத்துக்கு வந்தீங்களா, எழவுக்கு வந்தீங்களா?"

நான் வாய் திறப்பதற்கு முன் லெட்சுமி முன்னால் போனாள். கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டாள். "மன்னிச்சுக்குங்கண்ணே. எங்க வீட்ல யாரு மேலயும் தப்பில்ல. எனக்கு ரெண்டு வருஷமா கண்ணு சரியில்ல. நீலம்னு நெனச்சு நான்தான் எடுத்துட்டேன்."

அவள் என் பக்கம் திரும்பக்கூட இல்லை. கறுப்பு என்று முதலில் சொன்னவள் அவள். கதவு வரைக்கும் போனவள் அவள். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்தச் சபை மொத்தமும் என் பக்கம் திரும்பியிருக்கும். சொல்லவில்லை. நான்? ஊரெல்லாம் வாட் கணக்கு ஒப்பிக்கிற வாயில் அன்றைக்குக் கொழுக்கட்டை.

பின்னால் ஒரு பெண் குரல், "கண்ணுல கோளாறாமே? குடும்பத்துல வர்றதா இருக்குமோ?" என்றது. இன்னொரு குரல், "பையனுக்கும் சோதிச்சுப் பாக்கணும்" என்றது. உமாபதி தாடையைத் தடவினார். "நாளத் தள்ளி வச்சு யோசிப்போம் குமுதா" என்றார். லோகேஸ்வரன் முகம் வெளுத்துவிட்டது. லெட்சுமி தலையைக் குனிந்துகொண்டே நின்றாள். நான் செய்த வேலைக்கு அவள் தண்டனை வாங்கிக்கொண்டிருந்தாள். எனக்கு அழுகை வந்தது, வெட்கத்தில் அது வெளியே வரவில்லை.

அப்போதுதான் விஷாலினி உள்ளேயிருந்து வந்தது. தலை நிறையப் பூ, உடம்பில் சாதாரணச் சேலை. பெண் இப்படி முன்னாலேயே வெளியே வரக்கூடாது என்று யாரோ சொன்னார்கள். அது காதில் வாங்கவில்லை. சேலையை வாங்கி வெயிலில் ஒரு தடவை, நிழலில் ஒரு தடவை பிடித்துப் பார்த்தது.

"ஆன்ட்டி, இத வாங்கின கடையில லைட்டு எப்படி இருக்கும்? வெள்ளையா, லேசா நீலம் அடிக்கிற மாதிரியா?"

"ஆமாம்மா" என்றாள் லெட்சுமி.

"வாசல்ல புடிச்சுப் பாக்கலயா? எங்கம்மால்லாம் கடை வாசல்லயே ஒரு மணி நேரம் நிப்பாங்களே."

லெட்சுமி கையிலிருந்த கண்ணாடியை மடக்கினாள், பிரித்தாள். அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை.

"நான்தான் விடலம்மா" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை, மறுபடி சொன்னேன். "அவ கறுப்புன்னுதான் சொன்னா. வாசலுக்குப் போனா. குளிர் போயிரும்னு நான்தான் கத்தினேன். அந்தக் கடைக்கு லைட்டு மாட்டினதும் நான்தான்."

சபை மொத்தமும் என் பக்கம் திரும்பியது. விஷாலினி மட்டும் கோபப்படாமல், ஃபேக்டரியில் கேட்கிற மாதிரியே கேட்டது.

"அங்கிள், அந்த லைட்டோட சி.ஆர்.ஐ. எவ்வளவு?"

"பதினெட்டு வாட்டும்மா."

"வாட்டு கேக்கல அங்கிள். சி.ஆர்.ஐ."

"ரெண்டு வருஷம் வாரண்டிம்மா."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். நான் வேடிக்கைக்குச் சொல்லவில்லை, எனக்குத் தெரிந்த பதில் அவ்வளவுதான். ஒரு விளக்கு நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்பதற்கு நூற்றுக்கு இத்தனை என்று மார்க் உண்டு என்று விஷாலினி எல்லோருக்கும் விளக்கியது. அதற்குப் பெயர்தான் சி.ஆர்.ஐ. மலிவு லைட்டுக்கு அறுபது, எழுபது. அந்த வெளிச்சத்தில் நீலமும் கறுப்பும் ஒன்று, அரக்கும் காப்பியும் ஒன்று. பழைய குண்டு பல்புக்குக் கிட்டத்தட்ட நூற்றுக்கு நூறு.

அரக்கும் காப்பியும் என்றதும் லெட்சுமி தலை நிமிர்ந்தாள். மெஷினுக்கு மேலே தொங்கிய அறுபது வாட் எனக்கும் ஞாபகம் வந்தது. நான் கை தட்டிய ஞாயிற்றுக்கிழமையும் வந்தது.

"ஆன்ட்டி, உங்க கண்ணுக்கு ஒண்ணுமில்லன்னு நெனைக்கிறேன்" என்றது விஷாலினி. "இங்க நல்ல வெயில். உக்காந்திருக்கவங்க சேலைக் கலரச் சொல்லுங்க பாப்போம்."

லெட்சுமி தயங்கினாள். முதல் வரிசையைப் பார்த்தாள். "மயில் கழுத்து" என்றாள், கேள்வி கேட்பதுபோல. ஆமாம் என்றார் அந்த அம்மா. "அடுத்தது மாம்பழ மஞ்சள். அவங்க பக்கத்துல வெங்காயத்தோல் நெறம். அது பாசிப்பச்சை. பின்னாடி அந்தத் தங்கச்சி கட்டியிருக்கறது அரக்கு, ரவிக்கை மட்டும் ஒரு பிடி கம்மி, வேற துணியில எடுத்துத் தச்சது." அந்தத் தங்கச்சி வெட்கத்தோடு முந்தானையை இழுத்து மூடியது. லெட்சுமியின் குரல் ஏறிக்கொண்டே போனது. இரண்டு வருடமாக நான் கேட்காத குரல். அப்படியே திரும்பி உமாபதியைப் பார்த்தாள்.

"அண்ணே, தப்பா நெனைக்காதீங்க. உங்க சட்டையில மூணாவது பட்டன் மட்டும் வேற நூல்ல தச்சிருக்கு. மத்ததெல்லாம் பால் வெள்ள, அது சந்தன வெள்ள."

உமாபதி குனிந்து தன் வயிற்றைப் பார்த்தார். சட்டையை இழுத்துக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தார். பிறகு தன் மனைவியைப் பார்த்தார். "நேத்து அறுந்து விழுந்துச்சு. கையில கெடச்ச நூல்ல தச்சேன்" என்றார் அந்த அம்மா. பந்தல் முழுக்கச் சிரிப்பு. கடைசியில் உமாபதிக்கும் அடக்க முடியவில்லை.

"இந்தக் கண்ணையா கோளாறுன்னோம்!" என்றார். "சம்பந்தி, பன்னெண்டு வரைக்கும் நேரம் இருக்கு. வேற சேலை வந்தா பரிசம் நடக்கும். கொண்டாங்க." அப்புறம் என்னைப் பார்த்து, "வாசல்ல வச்சுப் பாத்து எடுங்க" என்றார்.

வேனை எடுத்துக்கொண்டு பத்தாங் பெர்ஜுந்தாய்க்குப் பறந்தேன். உஷாராணி போனிலேயே விவரம் கேட்டு, அந்தச் சரிகையில் இருந்த எல்லாச் சேலையையும் மேசையில் பரப்பி வைத்திருந்தது. எட்டு இருந்தன. ஒரே சரக்கில் கருநீலமும் வந்திருக்கிறது, கறுப்பும் வந்திருக்கிறது. கறுப்பு இந்தக் காலத்துப் பிள்ளைகள் விருந்துக்குக் கட்டுவதற்காம். என் நாற்பது லைட்டுக்குக் கீழே கலந்துபோய், எட்டும் ஒன்றுபோல இருந்தன. உஷாராணி என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. நான் ஒரு நாற்காலியை இழுத்து, நானே ஸ்பிரிங் வைத்த கதவுக்கு முட்டுக் கொடுத்தேன். எட்டையும் தோளில் போட்டுக்கொண்டு வெயிலில் போய் நின்றேன். சாமிக்கு உடுப்பு மாற்றப் போகிறவன் மாதிரி இருந்திருப்பேன். போகிற வருகிறவர்கள் நின்று பார்த்தார்கள். கறுப்பு ஐந்து, நீலம் மூன்று. குழந்தைகூடச் சொல்லிவிடும். பின்னால் ஏர்கான் காற்று என் முதுகைத் தடவிக்கொண்டு தெருவுக்குப் போனது. போகட்டும் என்று விட்டேன்.

கிளம்பும்போது கதவிலிருந்த அட்டையைக் கிழித்து எடுத்தேன். "லைட்ட என் செலவுல மாத்தித் தாரேன் தங்கச்சி" என்றேன். "வேட்டிய நான் திருப்பிக் கேக்கல, போங்கண்ணே" என்றது.

பதினொன்று ஐம்பதுக்கு ரவாங்கில் இருந்தேன். லெட்சுமி சேலையை வாங்கி, என்னிடம் ஒன்றும் கேட்காமல், தானே வெயிலுக்குக் கொண்டுபோய்ப் பிடித்துப் பார்த்தாள். தலையை ஆட்டினாள். விஷாலினி அதைக் கட்டிக்கொண்டு வந்தபோது குமுதாவுக்குக் கண் கலங்கியது. மோதிரம் மாற்றியானதும் அந்தப் பெண் என் காலில் விழுந்து எழுந்து, "மாமா, பெட்டியில பக்கத்துல உள்ள சின்ன எழுத்தையும் படிங்க" என்று காதோடு சொன்னது.

மறுநாள் கோலசிலாங்கூரில் கடைக்காரரைப் பாடாய்ப் படுத்தி ஒவ்வொரு பெட்டியாகத் திருப்பிப் பொடி எழுத்தைப் படித்தேன். சி.ஆர்.ஐ. தொண்ணூற்றைந்து என்று போட்ட பல்பு ஒன்று கிடைத்தது. முன்பக்கம் பார்த்தேன். ஒன்பது வாட்.

நான் மாட்டியது ஐந்து, இது ஒன்பது. இதை அன்றைக்கே மாட்டியிருந்தாலும் குண்டு பல்பை விட்டுத் தொலைத்திருக்கலாம், ஐம்பத்தொரு வாட் மிச்சம் என்று கை தட்டியும் இருக்கலாம். வித்தியாசம் நாலு வாட். நாலே நாலு வாட்டுக்காக என் பொண்டாட்டியை இரண்டு வருடம் குருடியாக்கி வைத்திருந்தேன். கடை வாசலில் நின்றபடியே என்னை நானே அசிங்கமாகத் திட்டிக்கொண்டேன், கடைக்காரர் தன்னைத்தான் என்று நினைத்துக்கொண்டார்.

லெட்சுமி கேண்டீனிலிருந்து வருவதற்குள் மெஷின் மேலிருந்த யானைப் பெட்டிகளை இறக்கினேன். போர்வையை எடுத்து உதறினேன். ஏணி போட்டுப் பல்பை மாற்றினேன். அவள் வந்தாள், ஏணியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். போய் முகம் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். விஷாலினியின் கல்யாண ரவிக்கைத் துணியை மடியில் விரித்து, நூல் பெட்டியைத் திறந்தாள். கண்ணாடியைத் தேடவில்லை. கை நேராக ஒரு நூல்கண்டுக்குப் போனது. ஊசியில் முதல் தடவையிலேயே கோத்தாள்.

முப்பது வருடத்தில் எத்தனையோ பேருக்கு விளக்கு மாட்டிவிட்டு, எவ்வளவு மிச்சம் என்றுதான் சொல்லியிருக்கிறேன். இந்தக் கேள்வியை ஒருத்தரிடமும் கேட்டதில்லை. ஏணியைப் பிடித்துக்கொண்டே கேட்டேன்.

"வெளிச்சம் போதுமா லெட்சுமி?"

அவள் துணியிலிருந்து தலையை நிமிர்த்தி என்னை நன்றாகப் பார்த்தாள். ஐம்பத்து நாலு வயது முகம், நரைத்த மீசை, கலங்கிய கண், எல்லாம் அந்த ஒன்பது வாட்டில் பளிச்சென்று விழுந்திருக்கும்.

"ம், இப்பத்தான் நல்லா தெரியுது" என்றாள்.

மெஷின் ஓடத் தொடங்கியது. அன்றைக்குப் பத்து மணி ஆகியும் நான் சுவிட்சுப் பக்கம் போகவில்லை.